தண்ணீர் இறங்கட்டும்

மூலைக்கரைப்பட்டி,
மாசி முதல் வாரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, காலையும் மாலையும் நடக்கப் போகிறார். மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

பெங்களூரில் நீங்கள் சீரமைக்கப் போகிற ஏரிக்கு நீ வரைந்து அனுப்பிய படத்தை அண்ணன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். சுற்றிலும் நடைபாதை, கல் பதித்த கரை, நடுவில் வட்டமாக ஒரு தீவு. அழகாக வரைந்திருக்கிறாய். தீவில் என்ன மரம் நட்டால் பறவை வரும், நம்ம பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் என்னென்ன வந்திருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். மரத்தின் பெயர் மட்டும் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் மரம் இரண்டாவது விஷயம்மா. முதல் விஷயம் தண்ணீரின் ஆழம். அதைச் சொல்ல வேண்டுமென்றால், இப்போது குளத்தில் எந்தப் பறவை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் உண்டு. கடிதம் நீளும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகப் படி.

இந்தத் தடவை வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்தது. மணிமுத்தாற்றுத் தண்ணீரும் கால்வாயில் வந்து சேர, மார்கழியில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தது. ஊரில் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. அரையாண்டு விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கார் கார்களாக வந்தார்கள். வந்தவர்கள் பாதிப்பேர் முகம் வாடித்தான் போனார்கள். "குளம் இவ்வளவு நிறைஞ்சிருக்கே, பறவையைக் காணோமே" என்று வனத்துறைக் காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "பொங்கல் கழிச்சு வாங்க, தண்ணி கொஞ்சம் இறங்கட்டும்" என்றார். பறவையைத் தினமும் பார்க்கிறவர் வாயில் வருகிற சொல் அது. நீயும் மனதில் வைத்துக்கொள்.

அப்போது குளத்தில் என்ன இருந்தது தெரியுமா? நீர்க்காகம் இருந்தது. பாம்புத்தாரா இருந்தது, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகுமே, அதுதான். முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா. அவ்வளவுதான். எல்லாம் முங்கத் தெரிந்தது, இல்லையென்றால் நீந்திக்கொண்டே மீன் பிடிக்கத் தெரிந்தது. காலால் நடந்து இரை தேடுகிற எதற்கும் அங்கே நிற்க இடமில்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் சில மட்டும் கரையோர மரங்களில் சும்மா உட்கார்ந்திருந்தன. இரைக்கு வேறெங்கோ போய் வந்தன.

பிசான நெல் சாகுபடிக்கு மடையைத் திறந்துவிட்டு வாரங்கள் ஆகின்றன. இப்போது தண்ணீர் பாதிக்கு இறங்கியிருக்கிறது. போன வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பஸ் நிறுத்தத்திலேயே தொடங்கிவிட்டது சத்தம்.

குளத்தின் கரைப் பக்கம், மடையை ஒட்டித்தான் ஆழம் அதிகம் என்பது உனக்குத் தெரியும். அங்கே இன்னும் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது. கூழைக்கடாக்கள் அங்கேதான். அரை வட்டமாக அணிவகுத்து, மீனை ஒதுக்கிக்கொண்டே கரைப் பக்கம் வந்து, எல்லாம் ஒரே நேரத்தில் தலையை முக்கி எடுக்கின்றன. தாடைக்குக் கீழே பை தொங்க, தண்ணீரை வடியவிட்டு, அப்புறம்தான் தலையை நிமிர்த்தி விழுங்குகிறது. நீர்க்காகங்கள் இவற்றின் பின்னாலேயே திரிகின்றன, தப்பி வருகிற மீனுக்காக.

அங்கிருந்து உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே மேடேறுகிற பக்கம், கொஞ்சம் நடந்தால் வாத்துகள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றும் கலந்து மிதக்கின்றன; கூட நம்ம ஊர்ப் புள்ளிமூக்கு வாத்து. இவை முங்காது. தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற தூரத்துக்குத்தான் மேயும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம் என்பதால் நீலச்சிறகிக்கு எட்டாத ஆழத்திலும் மேய்கிறது. தட்டைவாயன் தலையைக் கவிழ்க்காமலே மேல் தண்ணீரை வாயால் சலித்துக்கொண்டு போகிறது. பக்கத்துப் பக்கத்திலேயே மிதந்தாலும் ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கைவைப்பதில்லை. ஆனால் தலையைக் கவிழ்த்து மேய்கிற வாத்துக்குத் தரை எட்டாத ஆழம் என்றால் அந்த இடம் அதற்குப் படுத்துத் தூங்கத்தான் உதவும். பகலில் வாத்துக் கூட்டம் மிதப்பதைப் பார்த்துவிட்டு "ஏரி நல்லா இருக்கு" என்று சொல்கிறார்களே, அது ராத்திரி எங்கே போய் மேய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது வரித்தலை வாத்துக்கு வருகிறேன், நீ முதலில் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். வந்திருக்கிறது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு அலகு, சாம்பல் உடம்பு. லடாக்கிலும் திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. முதுகில் கருவி கட்டி ஆராய்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்தில் பட்டை மாட்டிவிட்ட பறவைகளைக் கர்நாடகக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். அங்கே உன் வேலையிடத்துக்கு எட்டின தூரம்தான். இங்கே நான் பார்த்தபோது, வெயில் ஏறும் நேரம், அறுவடை முடிந்த வயலிலிருந்து கத்திக்கொண்டு கூட்டமாகத் திரும்பி வந்தன. வந்து இறங்கியது ஆழத் தண்ணீரில் இல்லை. உள்வாயில், பாதி நனைந்த மண்திட்டில் இறங்கி, வரிசையாக நின்று, ஒற்றைக் காலில் தூங்கின. நாலு பக்கமும் பார்வைக்கு வெட்டவெளி, காலடியில் தண்ணீர், நாயோ நரியோ வந்தால் முன்கூட்டியே தெரியும். அந்தத் திட்டு மார்கழியில் தண்ணீருக்குள் இருந்தது.

திட்டைத் தாண்டினால் அல்லியும் கோரையுமாகக் கிடக்கும் பகுதி. அங்கே நீலத்தாழைக்கோழிகள் கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோல் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. நீளவால் இலைக்கோழி இலை மேல் நடக்கிறது; நீளவால் இன்னும் முளைக்கவில்லை, வெயில் காலத்தில்தான் முளைக்கும். முட்டையிட்டுவிட்டுப் பெண் கிளம்பிப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண்தான். இதைப் பாப்பாவுக்குச் சொல், கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அதற்கும் அடுத்துத்தான் மஞ்சள் மூக்கு நாரைகளின் இடம். இதை உனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காவல் கோபுரத்திலிருந்து இறங்கி, வரப்பு மாதிரி ஓடும் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாரை என்னைப் பொருட்படுத்தாமல் அருகே வந்தது. தண்ணீர் அதன் கால் மூட்டுக்குக் கீழே இருந்தது. அலகைப் பாதி திறந்து, கண் வரைக்கும் முகத்தைத் தண்ணீரில் நட்டு, இப்படியும் அப்படியுமாகத் துழாவிக்கொண்டே நடந்தது. ஒரு காலை மட்டும் முன்னே நீட்டிச் சேற்றைக் கிண்டியது. ஒரு இறக்கையைச் சட்டென்று விரித்து மூடியது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை அது. கலங்கின தண்ணீரில் என்ன தெரியப் போகிறது? மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பட்டதும் தலையை உயர்த்திய வேகத்தில் மீன் உள்ளே போனதைக்கூட நான் பார்க்கவில்லை, தொண்டையில் இறங்கும் மேட்டைத்தான் பார்த்தேன். அந்த நேரத்தில் வாலோரத்து ரோஜா நிற இறகு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. மறுபடி முகத்தை நட்டது.

இந்த முறையில் மீன் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். தண்ணீர் காலுக்கு மேல் போகக் கூடாது. மீன் அடர்த்தியாக இருக்க வேண்டும். இரண்டும் கிடைப்பது தண்ணீர் வற்றும்போதுதான். குளம் பெருகியிருக்கும்போது மீன் அவ்வளவு பரப்பிலும் சிதறிக் கிடக்கிறது. வற்ற வற்ற ஒரு பள்ளத்தில் வந்து ஒடுங்குகிறது. நாரை மழைக்குப் பிறகு கூடு கட்டுவதே இதனால்தான்: மீன் குஞ்சு பெருகுவதற்கு நிறைகுளம், தன் குஞ்சுக்குப் பசி அதிகமாகிற நேரத்தில் வற்றுகிற குளம். கரண்டிவாயனும் அப்படித்தான், அலகைப் பக்கவாட்டில் வீசி வீசிப் போகும். அரிவாள்மூக்கனுக்குச் சேறு இளகி இருந்தால் போதும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டும். அந்த அலகில் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, அது குஞ்சுக்குக் கிடையாது, வளர வளரத்தான் விழுகிறது.

கடைசியாக, தண்ணீரும் மண்ணும் சேரும் விளிம்பு. அங்கே பவளக்கால் உள்ளான், பொறி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, கொசு உள்ளான். கொசு உள்ளான் கிட்டத்தட்ட நம் சிட்டுக்குருவி அளவுதான். வட துருவப் பக்கத்திலிருந்து வருகிற இதற்கு விரற்கடை ஆழம் போதும். அதற்கு மேல் போனால் வயிறு நனையும். சேற்றுக்குள் இருக்கும் புழுவை ஓடி ஓடிக் கொத்துகிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது, ஏனென்றால் நேற்றைய விளிம்பு இன்று காய்ந்துவிட்டது. தண்ணீர் ஒரு விரல் இறங்கினால் புது விளிம்பு, புதுச் சேறு, புதுப் புழு. அது தினமும் இறங்குகிற வரைக்கும்தான் இவற்றுக்கு இங்கே சாப்பாடு. இவற்றுக்கு மேலே சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து போகும். போனதும் மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றி மறுபடி உட்காரும்.

பூநாரை இன்னும் வரவில்லை. சில வருஷம் வரும், சில வருஷம் வராது. தண்ணீர் இன்னும் இறங்கினால் பார்க்கலாம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன்.

இத்தனை பறவையும் ஒரே குளத்தில் நிற்க முடிகிறதென்றால் அந்தக் குளத்தின் வடிவம்தான் காரணம். நம் குளங்கள் தாம்பாளம் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கரை, கரையடியில் ஆழம், அங்கிருந்து உள்வாய்க்குப் போகப் போகத் தெரியாமல் மேடேறும். வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும், வற்றிய உள்வாயில் ஆடு மாடு மேய வேண்டும், கரம்பை மண் அள்ள வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டினார்கள். அது பறவைக்கும் பொருந்திப் போனது.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள், கணக்காகவே சொல்கிறேன். உள்வாயில் நூறடிக்கு ஒரு அடி சரிவு என்று வைத்துக்கொள். தண்ணீர் ஒரு அடி இறங்கினால் நூறடி அகலத்துக்குச் சேறும் கால் நனைகிற தண்ணீரும் கிடைக்கிறது, குளத்தின் உள்வாய் முழுக்க. நீ வரைந்திருக்கிற கல் பதித்த கரையில் ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி சரிவு என்று அண்ணன் படித்துச் சொன்னான். அங்கே ஒரு அடி இறங்கினால் கிடைப்பது இரண்டடி அகலக் கல். கொசு உள்ளானுக்கு அதில் என்ன இருக்கிறது? அந்த ஏரி வருஷம் முழுக்க நிறைந்தே இருந்தால் அந்த இரண்டடியும் கிடையாது. நீர்க்காகமும் நாமக்கோழியும் கூழைக்கடாவும் இருக்கும். தீவில் மரம் நட்டால் அந்த மரத்தில் உண்ணிக்கொக்கும் வக்காவும் வந்து அடையும். மற்றதெல்லாம் மேலே பறந்து போய்விடும்.

பெங்களூரு ஏரிகளும் நம்ம ஊர்க் குளங்கள் மாதிரிப் பாசனத்துக்குக் கட்டினவைதானே. வயல் போய்விட்டது, மடை திறக்க ஆளில்லை, கழிவுநீர் வந்துகொண்டே இருப்பதால் வற்றுவதும் இல்லை. ஆழப்படுத்தி, நாலாபுறமும் கரை எழுப்பி, நடைபாதை போட்டால் நகரத்து ஆட்களுக்கு நல்லது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாயங்காலம் காலாற நடக்க ஒரு இடம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் நாலாபுறமும் எதற்கு? ஒரு பக்கம் போதாதா? கால்வாய் வந்து சேருகிற பக்கத்தை அப்படியே விடு. கல் வேண்டாம், கரை வேண்டாம், பாதை வேண்டாம். கோரை முளைத்தால் முளைக்கட்டும். அந்தப் பக்கம்தான் வண்டல் வந்து படியும், அந்தப் பக்கம்தான் பறவை நிற்கும். பார்க்க வருகிறவர்களுக்கு எதிர்க்கரையில் ஒரு மேடை போட்டால் போதும். வெயில் காலத்தில் தண்ணீரை இறக்கிவிட ஒரு வழியும் வை. தண்ணீர் இறங்கினால் புகார் வரும், வரத்தான் செய்யும். மார்கழியில் இங்கே வந்து ஏமாந்து போனவர்கள் மாதிரி, நிறைந்த தண்ணீரைப் பார்த்தால்தான் பலருக்கு மனசு நிறைகிறது. ஒரு பலகையில் எந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழம் என்று படம் போட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்வார்கள், அவர்கள் பெற்றோருக்குச் சொல்வார்கள்.

ஆழம் கொஞ்சமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுக்க வற்றினால் அதுவும் கேடுதான். மழை பொய்த்த வருஷங்களில் குளம் சீக்கிரமே காய்ந்து, நாரைகள் கூட்டைப் பாதியில் விட்டுப் போனதை ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அதிகம் வந்தாலும் தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனை குளம் உடைந்தது. இறங்க வேண்டும், ஆனால் மெதுவாக இறங்க வேண்டும். குஞ்சு பறக்கும் வரைக்கும் மடைப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும்.

பக்கத்து ஊரில் ஒரு குளத்தை ஆழப்படுத்தினார்கள். வண்டலைப் பரவலாக அள்ளாமல் பொக்லைன் வைத்து அங்கங்கே கிணறு மாதிரித் தோண்டிவிட்டார்கள். உள்வாயில் நின்ற நாட்டுக் கருவேல மரங்களையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் வறண்ட மேடு. மாட்டைக் குளிப்பாட்டப் போகிற பிள்ளைகளுக்கு ஆபத்து. ஒரு கொக்கும் இறங்குவதில்லை. எனக்கு அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், தண்ணீர் கூட நிற்கட்டும் என்று. படம் போடுகிற மேசையிலேயே ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. உன் மேசையில் நீ இருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, மரத்துக்கு வருகிறேன். நாட்டுக் கருவேலம் குளத்துக்குள் நிற்க ஏற்றது. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது, கிளை முள்ளோடு விரிந்து இருப்பதால் குச்சிக்கூடு நிற்கும். சீமைக்கருவேலம் வைக்காதே, அது தானே வந்து சேரும், சேராமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். ஆனால் கூந்தன்குளத்தில் நீ பார்த்திருக்கிறாயே, பாதிக் கூடு ஊருக்குள்தான். வேப்பமரம், புளியமரம், வீட்டுக் கொல்லையில் நிற்கிற எந்த மரமானாலும் சரி. கீழே தண்ணீர் இருக்கிற மரத்தைத்தான் பொதுவாகத் தேடும், பூனையும் மரநாயும் ஏறாமல் இருக்க. இங்கே தண்ணீருக்குப் பதில் மனுஷர்கள் காவல் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை தெருவில் நடந்து போனபோது ஒரு வீட்டு வேம்பில் நாரைக் கூடுகள் நெருக்கி அடித்துக்கொண்டிருந்தன. சிலவற்றில் குஞ்சு பொரித்துவிட்டது, பஞ்சு மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. பெரிய நாரை ஒன்று வந்து நின்று, குஞ்சுகளின் தலைக்கு மேல் வாயிலிருந்து தண்ணீரைக் கக்கி ஊற்றியது. அப்புறம் வெயில் விழுகிற பக்கமாகத் திரும்பி இறக்கையை விரித்து நின்றுகொண்டது. கீழே வாசல் முழுக்க எச்சம், செதில், பாதி மீன். அந்த வீட்டு அம்மா காலையில் கூட்டியதையே மத்தியானமும் கூட்டிக்கொண்டிருந்தார். நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். "இது வராத வருஷம்தான் வீடு நாறும்" என்றார். அந்த ஊரில் தீபாவளிக்கு வேட்டுப் போடுவதில்லை. கீழே விழுந்த குஞ்சை எடுத்து வைத்து மீன் கொடுத்து வளர்த்துவிட்டவர்கள் உண்டு. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று பாட்டன் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். 1994-இல்தான் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே அந்த ஊர் அதைச் சரணாலயமாகத்தான் வைத்திருந்தது. கூந்தன்குளம், காடன்குளம் இரண்டும் சேர்த்தே 129 ஹெக்டேர்தான். அத்தனை சின்ன இடம்.

ஒன்று சொல்ல மறந்தேன். அங்கே கூடு கட்டுகிற நாரைக்கு அந்தக் குளம் மட்டும் போதாது. தாமிரபரணிப் பாசனத்துக் குளங்கள், வானம் பார்த்த குளங்கள் என்று சுற்று வட்டாரம் முழுக்க இரைக்குப் போகிறது. ஒன்று நிறைந்திருக்கும், ஒன்று வற்றிக்கொண்டிருக்கும். எங்கே கால் நனைகிற ஆழமோ அங்கே போகும். அதனால்தான் ஜனவரியில் நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒரே குளத்தை எண்ணாமல் குழு குழுவாகப் பிரிந்து பல குளங்களுக்கும் போகிறார்கள். 2011-இல் தொடங்கி நடத்தி வருகிறது மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம். இந்த வருஷமும் போனேன். கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்த்து அனுப்பினார்கள். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதை வைத்துக் கூட்டத்தை அளக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண், தோட்டக்கலை படிக்கிறாள், நான் சொல்லும் எண்ணையும் அவள் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் விடாமல் மறுபடி எண்ணவைத்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. குளத்தில் தண்ணீர் முக்காலா, பாதியா, காலா என்று எழுத அவளுடைய நோட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தாள். உன் ஏரியிலும் பறவையை எண்ண ஆள் போட்டால் அந்தக் கட்டத்தை மறக்காமல் போடச் சொல். ஆழம் தெரியாமல் வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "பறவை குறைந்துவிட்டது, கூடிவிட்டது" என்று பேசினால் அது பாதிச் செய்திதான்.

பங்குனியில் வரித்தலை வாத்து கிளம்பிவிடும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் மாசி முடிவதற்குள் வா. உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், அதனால் சித்திரை முதல் வாரம் வந்தாலும் போதும். அப்போது நாரைக் குஞ்சுகள் கூட்டு விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பழகும். தண்ணீர் மடைப் பக்கத்துக்கு ஒதுங்கியிருக்கும். உள்வாயில் இறங்கி நடக்கலாம்; சரிவு எவ்வளவு என்று நீயே மட்டம் வைத்துப் பார்க்கலாம். மட்டப்பலகையோ என்ன கருவியோ, உங்கள் ஆபீசில் இருப்பதைக் கொண்டு வா. நான் அடிக்கணக்கில் சொல்வதைவிட நீ அளந்து எழுதினால் உன் மேலதிகாரி கேட்பார்.

முடிந்தால் அவரையும் கூட்டி வா. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் ரயிலில் ஏறினால் காலையில் திருநெல்வேலியில் இறங்கலாம், அண்ணன் காரில் வந்துவிடுவான். வெயில் ஏறுவதற்குள் குளத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் நம் வீட்டிலேயே சாப்பிடலாம். அவர் சைவமா, மீன் சாப்பிடுவாரா என்று மட்டும் முன்கூட்டி எழுது.

அன்புடன்,
அம்மா